அவையறிதலும் அவையஞ்சாமையும்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில், இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

“சமூக வலைத்தளங்களில் இளைஞர்: உரிமையும் பொறுப்பும்” என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இத்தகைய தலைப்பினைப் பெற்றவர் பெரும்பாலும் செய்வது யாது? உரிமை என்னும் பகுதியை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டுப் பொறுப்பு என்னும் பகுதியை ஒரு மணி நேரம் விரித்துரைப்பர். கைப்பேசியைக் கீழே வை என்பர். பாடத்தைப் படி என்பர். பெரியோர் சொல்லைக் கேள் என்பர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் கைதட்டுவர். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பர். அந்தப் பேச்சை நான் இன்று பேசப் போவதில்லை. முதலில் உரிமையைப் பற்றிப் பேசுவேன். அதனைப் பெற்றோர் கேட்கவேண்டும். பின்னர்ப் பொறுப்பைப் பற்றிப் பேசுவேன். அதனையும் பெற்றோரே முதலில் கேட்கவேண்டும்.

திருக்குறளில் 72ஆவது அதிகாரம் அவையறிதல். அதனை அடுத்து நிற்கும் 73ஆவது அதிகாரம் அவையஞ்சாமை. யார் முன்னிலையில் பேசுகின்றோம் என்பதை அறிந்து பேசு என்பது முன்னது; அறிந்தபின் அஞ்சாமல் பேசு என்பது பின்னது. இவ்விரண்டையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருப்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவையறியாதவனின் துணிவு அவனுக்கும் பிறர்க்கும் தீங்காகும். அஞ்சி வாய் மூடியவனுக்கோ அவையை அறிந்ததனால் விளைந்த பயன் ஒன்றுமில்லை. இவ்விரு அதிகாரங்களும் அமைச்சர்க்குரியவை எனப் பகுத்த பகுதியில் அமைந்துள்ளன. அரசவையில் நின்று பேசுவோர் அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்தனர். இன்றோ, கைப்பேசி வைத்திருக்கும் பதினைந்து வயதுச் சிறுவன் ஒவ்வொருவனும் ஓர் அவையின் நடுவே நிற்கின்றான். அந்த அவையில் யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதுதான் புதுமை, வேறொன்றுமில்லை. திண்ணையிலே பேசினோம், தேநீர்க் கடையிலே பேசினோம், இந்நகரத்து மின்சார ரயிலிலே தொங்கிக்கொண்டும் பேசினோம். அங்கே கேட்பவர் முகம் நமக்குத் தெரிந்தது. ஒருவர் முகம் சுளித்தால் பேச்சை மாற்றினோம். புண்பட்டாரெனில் அவ்விடத்திலேயே சமாதானம் சொன்னோம். நான்கு நண்பர்க்கென்று ஒரு பிள்ளை இன்று எழுதும் கேலி, அவர்களுள் ஒருவன் படம் பிடித்து அனுப்புவதனால், மாலைக்குள் நாற்பதாயிரம் அந்நியர் கண்ணில் படுகின்றது. அவன் நான்கு பேர் அவையை அறிந்துதான் பேசினான். தீர்ப்புச் சொல்வதோ நாற்பதாயிரம் பேர் அவை.

இனி உரிமைக்கு வருகின்றேன். நம் அரசியலமைப்பின் 19ஆவது உறுப்பு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் குடிமக்களுக்கு வழங்குகின்றது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவ்வுரிமை பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த முதல் பெருந்தீர்ப்புகளுள் ஒன்று, நாம் வாழும் இந்நகரோடும் நாம் பிறந்த தமிழகத்தோடும் ஒருங்கே தொடர்புடையது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் என்பவர் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழை நடத்திவந்தார். அஃது இடதுசாரிக் கருத்துடையது; அரசினைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. அவ்விதழ் தன் மாகாணத்திற்குள் நுழைதலாகாது என்று சென்னை அரசு 1950ஆம் ஆண்டில் தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1950 மே 26 அன்று அத்தடை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அதே நாளில், அதே நீதிமன்றம், டில்லியில் வெளிவந்த ‘ஆர்கனைசர்’ என்னும் இதழின்மீது விதிக்கப்பட்ட முன்தணிக்கை ஆணையையும் நீக்கியது. முன்னது இடப்பக்கத்தின் இதழ்; பின்னது வலப்பக்கத்தின் இதழ். ஒன்றை ஒன்று கண்டால் காயும் இரண்டு இதழ்கள் ஒரே நாளில் ஒரே உரிமையைப் பெற்றன. நமக்கு உவப்பான சொல்லுக்கு மட்டும் உரிமை வேண்டுவோர் இந்த நாளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஆண்டே, அதாவது 1951இல், அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பெற்றது. பொது ஒழுங்கு, அயல்நாட்டு நல்லுறவு, குற்றத்திற்குத் தூண்டுதல் ஆகியவற்றின் பொருட்டும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்தனர். எனினும் அக்கட்டுப்பாடு நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்னும் ஒரு சொல்லையும் உடன் சேர்த்தனர். உரிமையின் வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றிய வழக்குதான் என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வழக்கு நம் வாசலுக்கே வந்த கதையை இங்குள்ள பலர் அறிவர். 2012 நவம்பர் 17 அன்று பால் தாக்கரே மறைந்தார். மறுநாள் இறுதி ஊர்வலம். பம்பாய் நகரம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன. நகரின் வடக்கே, அப்பொழுது தாணே மாவட்டத்தில் இருந்த பால்கரில், 21 வயதுப் பெண் ஒருத்தி தன் முகநூலில் சில வரிகள் எழுதினாள். ஒவ்வொரு நாளும் பலர் இறக்கின்றனர், உலகம் நிற்பதில்லை. இன்று நகரம் மூடிக் கிடப்பது மதிப்பினாலன்று, அச்சத்தினால் என்பது அதன் கருத்து. அவள் தோழி அதற்கு ‘லைக்’ என்னும் விருப்பக்குறி ஒன்றை இட்டாள். ஒரு கட்டைவிரல் படம், வேறொன்றுமில்லை. இருவரும் கைது செய்யப்பட்டனர். எழுதியவளின் உறவினர் நடத்திவந்த மருத்துவமனைக்குள் கூட்டம் புகுந்து அடித்து நொறுக்கியது.

அவ்வரிகள் அந்நாளில் எழுதத்தக்கவையா? இறந்தவர் உடல் எரியூட்டப்படும் முன்னரே எழுதியது பண்பன்று என்று உங்களுள் சிலர் கருதலாம். ஒரு பெருங்கூட்டம் அழுதுகொண்டிருந்த நாள் அது. ஆனால் நண்பர்களே, பண்பற்றது என்பது வேறு, குற்றம் என்பது வேறு. பண்பற்ற சொல்லுக்கு மறுசொல் சொல்லலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சிறைக்கதவைத் திறத்தல் ஆகாது. அஃதன்றியும், நகரம் அச்சத்தால் மூடிக் கிடக்கின்றது என்று அவள் எழுதினாள். அவளைக் கைது செய்தமை அக்கூற்றினை மறுத்ததா, மெய்ப்பித்ததா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவர்கள்மீது சாற்றப்பட்டவற்றுள் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2008இல் இயற்றிய திருத்தத்தினால் சேர்க்கப்பட்டது அது. இணையத்தின் வழியே பிறர்க்கு எரிச்சலோ இடைஞ்சலோ உண்டாக்கும் செய்தியை அனுப்பினாலும் மூன்றாண்டுவரை சிறை என்றது அப்பிரிவு. எரிச்சல்! மாமியார்க்கும் மருமகளுக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை முறை இக்குற்றம் நிகழும்! நாளிதழில் எழுதினால் குற்றமாகாத ஒன்று, முகநூலில் எழுதினால் குற்றமாயிற்று. கைதுச் செய்தியைக் கண்டு கொதித்த ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண், அந்த நவம்பர் மாதத்திலேயே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், நரிமன் ஆகிய இருவரும் 66ஏ பிரிவு முழுவதும் செல்லாது என்று தீர்ப்பளித்தனர்.

அத்தீர்ப்பிலே ஒரு பாகுபாடு இருக்கின்றது. அதனைப் பள்ளிப் பிள்ளைகளும் எளிதில் உணரலாம். ஒரு பொருளைப் பற்றிக் கலந்து பேசுதல் ஒன்று. ஒரு கருத்தை வலியுறுத்திப் பேசுதல் இரண்டாவது. ஒரு தீச்செயலைச் செய்யுமாறு தூண்டுதல் மூன்றாவது. முதலிரண்டும், அவை எவ்வளவு கசப்பாய் இருப்பினும், பேச்சுரிமையின் உயிர்நிலை. மூன்றாம் படியை எட்டும்பொழுதே சட்டம் கைந்நீட்டலாம். எழுதுவதற்கு முன் ஓர் இளைஞன் தன்னையே கேட்டுக்கொள்ளத்தக்க வினா இது: நான் பேசுகின்றேனா, வலியுறுத்துகின்றேனா, அன்றி எவரையேனும் ஏவுகின்றேனா?

தீர்ப்பு வந்த பின்னும், இறந்த அப்பிரிவின்கீழ்க் காவல் நிலையங்கள் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. 2021இல் அதனைக் கேட்டு உச்ச நீதிமன்றமே வியப்புற்றது. 2022 அக்டோபரில் இனி எவர்மீதும் அவ்வாறு வழக்குத் தொடரலாகாதென்று மீண்டும் ஆணையிட்டது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதனை அறிந்த குடிமக்கள் தெருவில் இருக்கவேண்டும்.

இங்கே, நம் குடியிருப்புப் பெரியோர் உள்ளத்தில் எழும் எண்ணத்தை நான் அறிவேன். “இதெல்லாம் சரி ஐயா, நாம் பிழைக்க வந்தவர்கள். நமக்கேன் வம்பு?” என்பதே அது. இவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதற்கு வரலாறு உண்டு. 1966க்குப் பின் வந்த ஆண்டுகளில், இந்நகரின் அலுவலக வேலைகளைத் தென்னிந்தியர் பற்றிக்கொண்டனர் என்னும் கிளர்ச்சி எழுந்தது. தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. வேட்டியோடு வெளியே செல்லத் தயங்கிய தந்தையரின் பிள்ளைகள் இன்று இந்த அவையில் தாத்தாக்களாய் அமர்ந்திருக்கின்றீர்கள். அந்நாளில், கதவைத் தட்டி, “நாங்கள் இருக்கின்றோம், அஞ்சாதீர்கள்” என்று சொன்ன மராத்திய அண்டை வீட்டாரைப் பற்றியும் உங்கள் வீடுகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் உண்மை.

ஆனால் அச்சத்தை மரபுச் சொத்தாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தல் தகுமா? இங்கே பிறந்து, இங்கே பயின்று, மராத்தியைத் தாய்மொழிபோற் பேசும் நம் பிள்ளை, குடிநீர் வராததைப் பற்றி எழுதினால், “நாம் வெளியூரார், நீ எழுதாதே” என்கின்றோம். இந்நகரில் வரி கட்டுகின்றான், வாக்களிக்கின்றான், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல மட்டும் அவனுக்கு உரிமை இல்லையா? வாய் மூடியிருத்தலைப் பொறுப்பு என்று நாம் பெயரிட்டு வைத்திருக்கின்றோம். அது பொறுப்பன்று, அஞ்சுதல். வீட்டிலே பேசத் தடை விதிக்கப்பட்ட பிள்ளை பேசாமலிருப்பானா என்றால், அதுவுமில்லை. பொய்ப்பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிப் பேசுவான். நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர் மொட்டைக் கடிதம்.

மொட்டைக் கடிதத்திற்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றேன். மேலதிகாரியின் கொடுமையை வெளியிட அஞ்சும் பெண்ணுக்கு, ஊழலை அறிந்த எளிய ஊழியனுக்குப் பெயரை மறைத்தல் ஒரு கவசம். அதனை மறுப்பது அறமாகாது. ஆனால் வகுப்புத் தோழியின் தோற்றத்தைப் பழிப்பதற்கும், எதிர்வீட்டுக்காரர் சாதியை இழுத்துப் பேசுவதற்கும் முகமூடி அணிபவன் கவசம் அணிந்தவன் அல்லன். தோழியின் படத்தை அவள் இசைவின்றி வெட்டி ஒட்டிப் பரப்புவதோ சட்டத்தின்படியே தண்டனைக்குரியது; அதுபற்றி இந்த மேடையில் விரித்துரைக்கத் தேவையில்லை. அத்தகையது நேர்ந்தால் பெண்பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் அவள் பக்கம் நில்லுங்கள் என்று மட்டும் தாய்மாரைக் கேட்டுக்கொள்கின்றேன். கைப்பேசியைப் பறித்துக்கொண்டால், அடுத்தமுறை அவள் உங்களிடம் சொல்லமாட்டாள்.

இனிப் பொறுப்பு. இளைஞர்க்குப் பொறுப்பில்லை என்று குறைகூறும் நாம், நம் வாட்ஸ்அப் குழுக்களைச் சற்றுத் திறந்து பார்ப்போமாக. காலை வணக்கத்தோடு பூங்கொத்து. அதன் கீழே மஞ்சளும் மிளகும் எல்லாப் பிணியையும் தீர்க்கும் என்னும் மருத்துவக் குறிப்பு. அதன் கீழே, “உடனே பத்துப் பேருக்கு அனுப்புக” என்னும் எச்சரிக்கை. அனுப்பியவர் யார்? பதினைந்து வயதுச் சிறுவனா? பெரும்பாலும் ஓய்வு பெற்ற பெரியோர். இதனைச் சிரித்துக்கொண்டே சொல்கின்றேன்; ஆயினும் அடுத்துச் சொல்லவிருப்பது சிரிப்பிற்குரியதன்று.

2018ஆம் ஆண்டு, பிள்ளைகளைக் கடத்தும் கும்பல் வந்திருக்கின்றது என்னும் வதந்தி இந்தியா முழுவதும் கைப்பேசி வழியே பரவிற்று. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த ஓர் ஊரில், சென்னையிலிருந்து கோயிலுக்குச் சென்ற குடும்பம் ஒன்று வழி கேட்கக் காரை நிறுத்தியது. அதிலிருந்த மூதாட்டி அங்கு விளையாடிய குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் சூழ்ந்தது, அம்மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைக்கு மிட்டாய் கொடுக்காத பாட்டி தமிழ்நாட்டில் உண்டா? ஜூலை முதல் நாள், இங்கே நம் மகாராஷ்டிரத்தில், துளே மாவட்டத்து ராயின்பாடா என்னும் சிற்றூரின் சந்தைக்கு ஐவர் வந்தனர். ஊரூராய்ச் சென்று இரந்து வாழும் நாடோடிக் குலத்தவர். ஐவரும் அடித்தே கொல்லப்பட்டனர்.

அந்நாட்களில் பரவிய காணொளி ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். தெருவில் பிள்ளைகள் விளையாடுகின்றனர். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகின்றனர். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு விரைகின்றனர். பார்த்தவர் நெஞ்சம் பதறிற்று. பதறிய கையோடு பிறர்க்கு அனுப்பினர். அஃது எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? பாகிஸ்தானத்துக் கராச்சி நகரில். யார் எடுத்தது? பிள்ளைகளைக் காப்பதற்கென்று தொண்டாற்றும் நிறுவனம் ஒன்று விழிப்புணர்வுக்காக எடுத்த குறும்படம் அது. முழுப்படத்தில் அம்மனிதர் மீண்டும் வந்து குழந்தையை இறக்கிவிடுகின்றார். ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடியே போதும், எச்சரிக்கையாயிருங்கள் என்னும் பொருளுடைய அட்டையை உயர்த்திக் காட்டுகின்றார். அந்தக் கடைசிச் சில நொடிகளை எவனோ வெட்டிவிட்டான். பொய்யாய் ஒன்றையும் அவன் சேர்க்கவில்லை. மெய்யில் ஒரு துண்டை நறுக்கினான், அவ்வளவே. குழந்தைகளைக் காக்க எடுத்த படம் ஆட்களைக் கொல்லும் படமாயிற்று.

அதனை அனுப்பியோருள் பெரும்பாலோர் தீயவரல்லர். தம் பேரப்பிள்ளைமீது கொண்ட அன்பினால் அனுப்பியவர்கள். சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் தீயவன் அல்லன். பொற்கொல்லன் சொன்ன சொல்லை ஆராயாது ஏவலர்க்கு உரைத்தான். இன்றைய மொழியில் சொன்னால், வந்த செய்தியை அப்படியே ‘ஃபார்வர்டு’ செய்தான். கோவலன் உயிர் போயிற்று. அதே காப்பியத்தில் அவையஞ்சாமையும் இருக்கின்றது. கையில் ஒற்றைச் சிலம்போடு மன்னன் முன் நின்று, நீ தவறினை என்று ஒரு பெண் சொன்னாள். வெறுஞ்சொல்லாகச் சொல்லவில்லை, சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டிச் சொன்னாள். பேச்சுரிமைக்கும் சான்றுக்கும் உள்ள உறவினை இதனினும் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியாது.

ராயின்பாடாவுக்குப் பின் அவ்வாண்டு ஜூலையிலேயே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு செய்தது. பல கை மாறிய செய்தியின் தலையில் இப்பொழுது இரட்டை அம்புக்குறி தோன்றுகின்றது; 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்திற்கே அனுப்பலாம். அந்த இரட்டை அம்பு என்ன சொல்கின்றது என்பதை, இங்கே கூடியிருக்கும் பெரியோருள் எத்தனை பேர் கவனித்திருக்கின்றீர்கள்? உங்கள் பேரனைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியும்.

நாம் தமிழர், வேற்று மொழியாரிடையே வாழ்பவர். ஆகையால் நமக்கென்றே உரிய இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லி முடிப்பேன்.

2016 செப்டம்பரில் காவிரி நீர் பற்றிய உச்ச நீதிமன்ற ஆணையினால் கர்நாடகம் கொந்தளித்திருந்தது. பெங்களூரில் தமிழ் மாணவன் ஒருவன் கன்னடத் திரைப்பட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் எழுதினான். ஒரு கும்பல் அவனைத் தேடிப் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்கச் செய்து, அதனைப் படமும் பிடித்துப் பரப்பிற்று. தமிழ்நாட்டில் இராமேசுவரத்தில், கர்நாடகத்திலிருந்து வந்த ஒருவரை ஒரு கும்பல் அடித்து, அதையும் படம் பிடித்துப் பரப்பிற்று. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழர் ஒருவருக்கு உரிய பேருந்துகள் நாற்பதுக்கும் மேல் ஒரே பணிமனையில் எரிந்தன. காவல்துறை சுட்டதில் ஓர் உயிரும் போயிற்று. நடிகரைக் கேலி செய்ய அம்மாணவனுக்கு உரிமை உண்டு; அடித்தவர்க்கு எவ்வுரிமையும் இல்லை. இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் அந்த இரண்டு காணொளிகளையும், “பார்த்தாயா, நம்மவனை அடிக்கின்றான்” என்றும், “பார்த்தாயா, நம்மவர் பழி வாங்கிவிட்டனர்” என்றும் கை மாற்றிய ஆயிரக்கணக்கானோர் யாவர்? எரிந்த பேருந்தின் ஓட்டுநர் முகநூலில் எதுவும் எழுதியவர் அல்லர். நீங்கள் சென்னையில் அமர்ந்து அனுப்பும் வீராவேசம், பெங்களூரில் தமிழ்ப் பெயர்ப்பலகை மாட்டிய சிறு கடைக்காரர் வாசலில் போய் இறங்குகின்றது. மும்பையில் அமர்ந்து அனுப்பினாலும் அங்கேதான் இறங்குகின்றது.

இரண்டாவது, 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைத் தேடித் தேடிக் கொல்கின்றனர் என்று காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. வேறு காரணங்களுக்காக நிகழ்ந்தவற்றின் படங்கள் அவை. திருப்பூரிலும் கோவையிலும் பின்னலாடைத் தொழிலில் உழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஊரிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன. உடனே புறப்பட்டு வா என்று தாய்மார் அழுதனர். பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்றைத் தமிழ்நாட்டிற்கு அனுப்பி விசாரித்தது. அவ்வாறு எதுவும் நிகழவில்லை என்பது தெளிவாயிற்று. பொய் பரப்பியவர்மீது வழக்குகள் தொடரப்பட்டன.

அந்த வாரம் நம்முள் பலர் சினம் கொண்டோம். தமிழ்நாட்டின்மீது வீண்பழி சுமத்துகின்றனரே என்று கொதித்தோம். அக்கொதிப்பு நியாயமே. ஆனால் அதே குழுக்களில், “வடக்கன்” என்று தொடங்கும் கேலிகள் அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வந்தன! பானிபூரி விற்பவனைப் பற்றியும், ரயிலில் பயணச்சீட்டின்றி ஏறுபவனைப் பற்றியும் வந்த படங்களை யார் அனுப்பினர்? பிறந்த ஊரை விட்டு, மொழி தெரியாத நகருக்கு வந்து, ஓர் அறையில் எண்மர் படுத்து, மாதந்தோறும் வீட்டிற்குப் பணம் அனுப்புபவன் யார் என்று நமக்குத் தெரியாதா? தாராவியிலும் மாதுங்காவிலும் நம் பாட்டனார்கள் அவ்வாறு வாழ்ந்தவர்களே. திருப்பூரில் இருக்கும் பீகார்க்காரன் இங்கிருக்கும் நம்மைப் போன்றவன். அவனை இழித்துரைக்கும் ஒரு கேலியை அனுப்பும்பொழுது, நம்மைப் பற்றி இங்குள்ள பிறர் அனுப்பத்தக்க கேலிக்கு நாமே முன்மாதிரி எழுதிக் கொடுக்கின்றோம்.

அவ்வாறாயின் பிள்ளைகளை வலைத்தளத்தினின்று முற்றிலும் விலக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலிய நாடு 16 வயது நிரம்பாதவர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பரில் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பெற்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கின்றது. சிறு குழந்தைகளுக்குத் தடை வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் பதினாறாம் பிறந்தநாள் வரையில் அவையையே காணாத பிள்ளை, மறுநாள் காலையில் அவையறிந்து பேசுமா? நீச்சலைக் கரையில் நின்று கற்பித்தவர் எவருமிலர்.

ஆகவே நான் கேட்பது சிறியது. வந்த செய்தி எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டினது, முழுமையானதா என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் வேண்டும். அந்த வினாவைப் பிள்ளை தாத்தாவிடம் கேட்டாலும் குற்றமில்லை. அதனை மரியாதைக் குறைவென்று கொள்ளாதீர்கள். தவறான செய்தியை எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ, அந்தக் குழுவிலேயே அது தவறு என்று எழுதுங்கள். சத்தமின்றி அழித்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளை தன் பெயரோடு ஒரு கருத்தை எழுதி, அது நமக்குப் பிடிக்காவிடின், நீக்கு என்று ஆணையிடுவதற்கு முன் ஏன் என்று அவனிடம் வாதிடுங்கள். வாதத்தில் அவன் வெல்லவும் கூடும்.

அதற்கு ஒரு பயிற்சிக் களம் வேண்டும் என்று செயற்குழுவில் விண்ணப்பித்தேன், அன்போடு இசைந்தனர். முகம் தெரிந்த அவையில் எழுதிப் பழகுவதற்காக, நம் சங்கத்து அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் இளைஞர் கையெழுத்து இதழ் ஒன்று ஒட்டப்படும். பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வயதுவரை எவரும் எழுதலாம். குடியிருப்பின் குறை, சங்கத்தின் குறை, பெற்றோரின் குறை எதனையும் எழுதலாம். கீழே பெயர் இருத்தல் வேண்டும். எழுதியது பிடிக்காதவர் அடுத்த மாதம் அதே பலகையில், அதே அளவில், தம் பெயரோடு மறுப்பு எழுதலாம், கிழித்தல் கூடாது. தமிழ் எழுத்து எழுத வராத பிள்ளைகள் பலர் இருக்கின்றனர் என்பதை அறிவேன். அவர்கள் தமிழை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுத்தால், தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியைமார் உடன் அமர்ந்து பெயர்த்தெழுத உதவுவர். தாளுக்கும் பசைக்குமான செலவைப் பொருளாளர் ஏற்றுக்கொண்டார். முதல் இதழுக்குத் தம்மைப் பற்றிய குறைகளே மிகுதியாக வருமோ என்று அவர் என்னிடம் கேட்டார். வரும் என்றே சொல்லியிருக்கின்றேன்.

கட்டுரைகளை அடுத்த ஞாயிறு மாலைக்குள் நூலக அறையில் கொடுத்துவிடுங்கள்.